பதினாறாவது பேர்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் இசைத்தட்டின் பின்னட்டைக்கு அறுநூறு சொல்லில் ஒரு குறிப்பு வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் போட்டார். அதை எழுத உட்கார்ந்து, முடியாமல் போய், அந்த எரிச்சலில் எழுதுவது இது. இசை ரசனை, பழைய நினைவு, இனிப்பு என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் இப்போதே கிளம்பிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே கோபமாகத்தான் இருக்கிறேன்.

தட்டின் பெயர் ‘பெரட்டு’. தெரியாதவர்களுக்கு: தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் ஆபீஸ் வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. வெள்ளைக்காரன் பரேடு என்றான், நம் ஆட்கள் வாயில் அது பெரட்டு ஆயிற்று. வெள்ளைக்காரன் போய்விட்டான், பெரட்டு போகவில்லை. 1996இல் கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாலு இளவட்டங்கள் சேர்ந்து இதைக் கேசட்டாகப் போட்டார்கள். ராக் இசைதான். ஆனால் கித்தாருக்குத் துணை உறுமி, ரப்பர் ஷீட் உருட்டுகிற மெஷின், பால் வாளி, ஜெனரேட்டர் இரைச்சல். ஒரு தடவை கோயில் திருவிழாவில் வாசித்தார்கள். மூணாவது நிமிஷம் கோயில் தலைவர் போய் ஜெனரேட்டரை அணைத்தார். அதுவும் பாட்டில் சேர்த்திதானோ என்று கூட்டம் கொஞ்ச நேரம் காத்திருந்ததாம்.

கேசட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி. நிஜமான ஒரு பெரட்டின் ஒலிப்பதிவு. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, பேர் கூப்பிடுகிறார். ஆள் “இருக்கேன்” என்கிறது. ஒவ்வொரு இருக்கேனுக்கும் கித்தாரில் ஒரே ஒரு கம்பி. அந்தக் கம்பியை அவர்கள் அடங்க விடுவதில்லை. அது இழுபட்டுக்கொண்டே இருக்க, அதன்மேல் அடுத்த கம்பி, அதன்மேல் அடுத்தது. இருபது பேர் தாண்டியதும் குரல் எது, கம்பி எது என்று தெரியாது. முப்பத்து நாலாவது பேரில் காது வலிக்கும்.

பதினாறாவது பேர் லோகேஸ்வரி. அந்தப் பதிவு எடுத்த அன்றைக்கே, மத்தியானத்துக்குள், அவள் செத்துப்போனாள்.

கோலாலம்பூர்க்காரர் எழுதியிருந்தார்: “அந்தக் குரலைப் பற்றிக் கண்டிப்பாக எழுதுங்கள். சாகப்போகிற ஒரு பெண் ‘இருக்கேன்’ என்கிறாள்!”

ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அதை மன்னிக்க மாட்டேன்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

“அதிகாலைப் பனி ரப்பர் மரங்களைப் போர்த்தியிருந்த அந்த”

[பனி வந்ததும் நிறுத்திவிட்டேன். லோகேஸ்வரி பனியால் சாகவில்லை.]

“மலேசியத் தமிழரின் இசை முயற்சிகளில் இத்தட்டு ஒரு குறிப்பிடத்தக்க”

[யூனியில் நாலு வருஷம் இப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தொப்பியோடு ஸ்டூடியோவில் எடுத்த படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தில் இருப்பவள் எழுதிய வரி இது. அடித்துவிட்டேன்.]

“எனக்கு ஏழு வயதிருக்கும்போது”

[இதுதான் நேர்மை. ஆனால் ‘நான்’ என்று ஆரம்பித்தால் மூணாவது வரியிலேயே நல்லவளாகிவிடுகிறேன். என்ன பண்ணியும் தடுக்க முடியவில்லை.]

ஆகவே வாசுகி என்று ஒருத்தியை வைக்கிறேன். முப்பத்தொரு வயது, குருண் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரி ஆபீஸில் வேலை,* ஞாயிறு பத்திரிகையில் எப்போதாவது கட்டுரை. வாய் நீளம். சுங்கை பட்டாணியில் ஒரு தாமானின் வரிசை வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள். அம்மா பெயர் பிரேமாவதி. தட்டில் பதினைந்தாவது பேர்.

* வேலைக்கு வருபவர்கள் மெஷினில் விரல் வைக்கிற இடம் அவள் மேசைக்கு எதிரில். இந்த மெஷினில் ஒருத்தர் விரலை இன்னொருத்தர் வைக்க முடியாது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும்.

3

வாசுகிக்கு ஏழு வயதில் அந்தக் கேசட்டை ரசித்தவர்கள் தோட்டத்திலேயே பிள்ளைகள் மட்டும்தான். பெரியவர்கள் பேய்ப்பாட்டு என்றார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ரேடியோவை வாசல்படியில் வைத்து இரண்டாம் பக்கத்தைப் போட வேண்டியது. எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டியது. ஆளுக்கு நாலு பேர். கேசட் “பரஞ்சோதி!” என்றால், பரஞ்சோதியை எடுத்தவன் கேசட்டுக்கு முந்திக்கொண்டு “இருக்கேன்!” என்று கத்த வேண்டும். பிந்தினால் அவுட்.

பதினாறாவது பேரை மட்டும் யாரும் எடுக்க முடியாது.

“வாய மூடுங்க. எங்கம்மா பேசப் போறாங்க” என்பான் சிவநேசன்.

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. லோகேஸ்வரி செத்தபோது ஐந்து. அப்பன் ஜொகூருக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். எதிர்வீட்டு பிரேமாவதிதான் அவனுக்குச் சோறு போட்டாள், பள்ளிக்கூடத்துக்குச் சட்டை தைத்தாள், அம்மை வந்தபோது பக்கத்தில் படுத்தாள். அவளை அவன் பெரிம்மா என்பான்.

பிள்ளைகள் வாயை மூடுவார்கள். கேசட் கரகரக்கும். “லோகேஸ்வரி!” கொஞ்சம் இடைவெளி. பிறகு மூக்கால் வருகிற மாதிரி மெல்லிய குரலில், “இருக்கேன்.”

நேசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். முடிந்ததும், “ம்ம், வெளையாடுங்க” என்பான், பெரிய மனுஷன் மாதிரி.

ஒருநாள் வாசுகி மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலை அப்படியே எடுத்துவிட்டாள். “இருக்க்கேன்.” எல்லாரும் சிரித்தார்கள். நேசன் ஓங்கி ஒன்று விட்டான். உதடு கிழிந்து ரத்தம். அடுப்படியிலிருந்து பிரேமாவதி ஓடி வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னார்கள். அவள் நேசனைத் தொடவே இல்லை. ரத்தம் வடிந்த வாயோடு நின்ற மகளைத்தான் அடித்தாள். ஒரு அடி இல்லை, நாலைந்து.

“அவந்தானேம்மா அடிச்சான்!”

“இன்னொரு வாட்டி அந்தக் கொரல எடுப்பியா? எடுப்பியா?”

அன்றைக்குச் சாயங்காலம் நேசன் துணி அலசிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றான். “பெரிம்மா, எங்கம்மா கொரலு இப்படித்தானே இருக்கும்?”

பிரேமாவதி துணியைப் பிழிந்தாள். “ஆமாடா.”

[இந்த இடத்தில் அவள் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். வாசுகி முகத்தைப் பார்க்கவில்லை. உதடு வலித்தது, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.]

4

பழைய கேசட்டில் இரைச்சல்தான் பாதி. இப்போது மூலப் பதிவைத் தேடியெடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு இரைச்சலைக் கழுவி, தட்டாக அடிக்கப்போகிறார்கள். குறிப்பு எழுதுபவர் கேட்க வேண்டுமே என்று கழுவிய பதிவை வாசுகிக்கு அனுப்பினார்கள்.

சனிக்கிழமை காலை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள். முதல் பக்கம் நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்றால், சின்ன வயதில் வெறும் சத்தமாகக் கேட்டதற்குள் எவ்வளவு யோசனை இருந்திருக்கிறது என்று பொறாமைப்படும் அளவுக்கு. ஷீட் மெஷின் சுற்றுகிற தாளத்தைக் கித்தார் வேண்டுமென்றே அரைத் தட்டு தவறவிடுகிறது. மெஷின் காத்திருக்காது. ஆள்தான் ஓடிப் பிடிக்க வேண்டும். அந்த ஓட்டம் பாட்டாகியிருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவனைத் தவிர யாருக்கும் இது தோன்றாது. இதை அறுநூறு சொல்லில் சந்தோஷமாக எழுதியிருப்பாள்.

இரண்டாம் பக்கம். இருமல்கள் கேட்டன. வாளிப் பிடி கிலுங்குவது கேட்டது. யாரோ கொட்டாவி விட்டார்கள். “பிரேமாவதி!” “இருக்கேன்.” அம்மாவின் குரல், இருபத்தொன்பது வயதுக் குரல். வாசுகிக்குச் சிரிப்பு வந்தது. “லோகேஸ்வரி!”

வளையல் சத்தம் ஒன்று. பக்கத்திலேயே. பிறகு, “இருக்கேன்.”

திரும்பப் போட்டாள். பதினைந்துக்குப் பிறகு கேட்கிற அதே மூச்சுதான் பதினாறுக்கு முன்னாலும் கேட்கிறது. ஒருத்தி பேசி முடித்து விடுகிற மூச்சும் அடுத்தவள் பேசுவதற்கு இழுக்கிற மூச்சும் ஒரே மூச்சு.

ஹெட்போனைக் கழற்றினாள். ஹாலில் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பில்டர் விற்கிறவர்கள் கூப்பிட்டால் அம்மா ஒரு குரல் வைத்திருக்கிறாள். மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, குரலை மெலிதாக்கி, “பிரேமாவதி இல்லீங்களே மா... வெளிய போயிருக்காங்க. நான் அவங்க தங்கச்சி.” வீட்டில் இது பழைய வேடிக்கை. வாசுகி யூனி நண்பர்களிடம் இதை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

வாசுகி கதவில் சாய்ந்து நின்று கேட்டாள்.

[இது இப்படி நடக்கவில்லை. பதிவைக் கேட்டது சனிக்கிழமை, அம்மாவுக்கு பில்டர்காரி கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை. நடுவில் மூணு நாள் வாசுகி அந்தக் குரலை எங்கே கேட்டோம், எங்கே கேட்டோம் என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். கதையில் மூணு நாள் காத்திருக்க யாருக்குப் பொறுமை? சேர்த்துவிட்டேன். கண்டுபிடித்த பிறகு அவள் போய் பிரிட்ஜைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது மட்டும் அப்படியே நடந்தது.]

5

இப்போது ஆர்தர். குழுவின் தலைவர், கித்தார். பேர் கூப்பிட்ட கிராணியின் மகன். அதனால்தான் ஆபீஸ் ஜன்னலுக்குள் ரெக்கார்டரை வைக்க முடிந்தது. ஐம்பத்திரண்டு வயது. கோலா கெத்திலில் ஏர்கோன் சர்வீஸ் பண்ணுகிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கிறார். இவரை முதலில் அயோக்கியனாகத்தான் எழுதினேன். சரிப்படவில்லை. வாசுகி போனபோது நாற்காலிமேல் ஏறி நின்று ஏர்கோன் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே நிற்பவள்மேல் தூசி விழாமல் இருக்க, துண்டால் பிடித்துக்கொண்டார். அயோக்கியர்கள் இப்படிச் செய்தால் எழுதுபவளுக்குத்தான் தொந்தரவு.

“அங்கிள், பதினாறாவது பேர்.”

“என்னா அதுக்கு?”

“அது லோகேஸ்வரி அத்தை இல்ல.”

வலையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். “எவ்வளோ தூசி பாரு மா. மூணு வருசமா யாரும் தொடல.”

“உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“மிக்சிங் பண்றப்பவே தெரியும் லா. ரெண்டு இருக்கேனும் ஒரே எடத்துலேர்ந்து வருது. ஒரே வளையலு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“யார்கிட்ட? எங்கப்பாகிட்டயா? டிக் போட்டவரே அவருதான். பொஸ்தகத்துலேர்ந்து தலய நிமுத்திப் பாக்குற பழக்கம் அவருக்குக் கெடையாது. சத்தம் வந்தா டிக்கு.” கீழே இறங்கினார். “அந்தத் தோட்டத்துல தெரியாதவன் யாரு? பின்னால நின்ன அத்தன பொம்பளைக்கும் தெரியும். எல்லாரும் எல்லாருக்கும் பேர் குடுப்பாங்க. அன்னிக்கு ஒங்கம்மாவுக்குக் காய்ச்சல்னா லோகேஸ் குடுத்திருக்கும்.”

“பேர் குடுக்கறது வேற. அத செத்தவ கொரல்னு விக்கறது வேற.”

“நான் விக்கல மா. கேக்கறவன் அப்படித்தான் கேக்கறான். நான் இல்லன்னு சொல்லல, அவ்ளோதான்.” வலையைக் குழாயடியில் வைத்தார். “உண்மையச் சொன்னா என்னா மிஞ்சும்? ஒருத்தி வரல, இன்னொருத்தி பேர் குடுத்தா. அதுல என்னா பாட்டு இருக்கு?”

“அதுதான் அங்கிள் பாட்டே.”

ஆர்தர் குழாயை மூடினார்.

[பொய். வாசுகி அந்த வரியைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பச்சை விளக்கு விழுந்து பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தபோதுதான் தோன்றியது. அங்கே உண்மையில் சொன்னது: “நேசண்ணனுக்கு யார் சொல்றது?” அதற்கு ஆர்தர் சொன்னது: “அவன ஏன் மா இதுல இழுக்கற?”]

6

நேசனை இழுத்தாயிற்று, அவன் ஏற்கெனவே நடுவில்தான் நிற்கிறான்.

லோகேஸ்வரியும் பிரேமாவதியும் புல்லுக்கு மருந்தடிக்கிற கும்பலில் இருந்தவர்கள். முதுகில் மருந்து நிரப்பிய தோம்பு, கையில் குழாய், மூக்கில் ஒரு பழந்துணி. பிரேமாவதிக்கு வலக்கையில் இரண்டு நகம் இன்றைக்கும் ஒழுங்காக முளைக்கவில்லை. ஐந்து வயதில் நடந்தது நேசனுக்கு நினைவில்லை. அவன் நம்புவது இது: அம்மா உடம்பு முடியாமலும் பெரட்டுக்கு வந்தாள், பேர் சொன்னாள், அவளை மருந்தடிக்க அனுப்பிச் சாகடித்தார்கள், பிறகு கம்பெனி புத்தகத்தில் அவள் பேருக்கு நேரே இருந்த டிக்கை அழித்துவிட்டு ‘வரவில்லை’ என்று எழுதிக்கொண்டது. அழித்தது உண்மை. “பொஸ்தகத்துல அழிச்சிப்புட்டானுங்க. கேசட்டுல அழிக்க முடியல பாத்தியா” என்பான். பத்தொன்பது வயதில் அந்தக் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறான். உட்கார வைத்தார்கள், பிறகு போகச் சொன்னார்கள்.

இப்போது முப்பத்து மூன்று வயது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அடுத்த மாதம் கோலாலம்பூரில் தட்டு வெளியீடு. பதினாறாவது பேர் ஒலிக்கும்போது அவனை மேடையில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட நாளிலிருந்து காலில் சக்கரம் கட்டின மாதிரி இருக்கிறான். சட்டை எடுத்துவிட்டான், மயில்கழுத்து நிறம். “வாசு, நீ நல்லா எழுதிக் குடு. அம்மா பேர் தப்பில்லாம வரணும். லோ நெடில்” என்றான்.

வாசுகி இதைச் சொன்னால் அவனிடமிருந்து இரண்டு போகும். அம்மாவின் குரல் ஒன்று. பெரிம்மா ஒன்று.

7

பிரேமாவதி தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வாசுகி போனை வைத்து, பதினைந்தையும் பதினாறையும் மட்டும் போட்டுக் காட்டினாள்.

அம்மா தலை கிள்ளுவதை நிறுத்தவில்லை.

“இன்னொரு வாட்டி போடவா?”

“எனக்கு எதுக்கு? நாந்தானே சொன்னேன்.”

“ஏம்மா?”

“ஏன்னா? காலையில கதவத் தட்டுனேன். வாந்தி எடுத்துட்டு சொவத்தோட ஒக்காந்திருந்தா. ‘பேர் குடுத்துடுக்கா, வெயில் ஏர்றதுக்குள்ள வந்துர்றேன்’னா. அந்த மாசம் ஏற்கெனவே மூணு நாளு வரல. இன்னொரு நாளுன்னா பேர வெட்டிருவான். பேர் போனா தோட்டத்து வூடும் போச்சு. புள்ளய வச்சிக்கிட்டு எங்க போவா?”

“சரி, குடுத்தீங்க.”

“என்னா சரி?” அம்மா நிமிர்ந்தாள். “பேர் இல்லாதவங்க வூட்டுக்கு எட்டு மணிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வருவான், மருந்துப் பொட்டியத் தூக்கிக்கிட்டு. நோவா நடிப்பான்னு பாக்க. வாய மோந்து பாப்பான், கத்துவான், நடிப்புன்னு எழுதிட்டுப் போவான். அவன் வரக்கூடாதுன்னுதான் குடுத்தேன். வரல. பேர் இருக்கே, ஏன் வருவான்? ஒரு மணிக்கு நான் வந்து பாக்குறேன், குளிக்கிற எடத்துல கெடக்குறா. பையன் பக்கத்துல ஒக்காந்து தண்ணி மோந்து மோந்து ஊத்திக்கிட்டு இருக்கான்.”

நெத்திலித் தலைகள் ஒரு பக்கம், உடல்கள் ஒரு பக்கம். அம்மா ஒரு தலையை உடல்களோடு போட்டுவிட்டு, அதைத் தேடி எடுத்தாள்.

“வந்திருந்தா பொழைச்சிருப்பாங்களாம்மா?”

“தெரியாது. நடிப்புன்னு எழுதிட்டுக்கூடப் போயிருப்பான்.” பிறகு, “நீதான் படிச்சவளாச்சே. என்னா எழுதப் போற? கொலகாரின்னா?”

“இல்லம்மா.”

“அப்ப என்னான்னு எழுதுவ? சொல்லு, கேப்பம்.”

நாலு வருஷம் யூனி, பத்து வருஷம் பத்திரிகை, வாசுகி பேச்சைத்தான் மாற்றினாள்.

“நேசண்ணே மேடையில ஏறப் போறாரும்மா. ஊரு முன்னால.”

“ஏறட்டுமே.”

“அது பொய்யில்லையா?”

“அவ மூஞ்சிக்கு ஐ.சி. கார்டு போட்டோ இருக்கு அவங்கிட்ட. கொரலுக்கு என்னா இருக்கு? எந்தொண்டதான் இருக்கு. அன்னிக்கி அவளுக்குக் குடுத்தேன், அப்பறம் அவனுக்குக் குடுத்தேன். குடுத்தத இப்பப் போயித் திருப்பிக் கேக்கச் சொல்றியா?” எழுந்து தட்டை எடுத்தாள். “பூனை வரப்போவுது. கதவச் சாத்து.”

[இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் பெரிய ஓட்டை இருக்கிறது. நான் எழுத எழுத எங்கள் அம்மாமேலேயே எல்லாம் வந்து விழுகிறது. முகத்துக்கு மறைப்பு கொடுக்காமல் விஷத்தை முதுகில் ஏற்றி அனுப்பினானே, மூணு நாள் வராதவள் பேரை வெட்டுவேன் என்றானே, டிக்கை அழித்தானே, அவன் எங்கே? தட்டு முழுக்கக் கேட்டேன். முப்பத்து நாலு பேரில் அவன் இல்லை. அவனைக் கதைக்குள் கொண்டுவர நாலு தடவை முயன்றேன். பெரட்டுக்கே வராதவனை எப்படிக் கூப்பிடுவது? வாசகரே, நீங்களும் இவ்வளவு நேரம் என் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா?]

[ஆமாம். ‘எங்கள் அம்மா’ என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.]

8

முடிவுகள். மூணு எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: வாசுகி உண்மையைக் குறிப்பாக எழுதி அனுப்புகிறாள். கோலாலம்பூர்க்காரர் இன்னும் சந்தோஷப்படுகிறார். இது அதைவிட நல்ல கதை ஆயிற்றே! இரண்டு ஆச்சரியக்குறி போடுகிறார். நேசன் அட்டையைப் படித்துத் தெரிந்துகொள்கிறான். இதை எழுதும்போது எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றியது.

இரண்டாவது: வாசுகி பொய்யை எழுதுகிறாள். நேசன் மயில்கழுத்துச் சட்டையில் மேடையேறுகிறான். கைதட்டல். முன்வரிசையில் பிரேமாவதி. பதினாறாவது பேர் ஒலிக்கிறது. எல்லாரும் அழுகிறார்கள், சந்தோஷமாக அழுகிறார்கள். கழுவிய பதிவை நல்ல காதுள்ள ஒருவன் வீட்டில் போட்டுக் கேட்டு, வளையலைக் கண்டுபிடித்து, இணையத்தில் எழுதும் வரைக்கும்.

மூன்றாவது: வாசுகி பதிவைக் கழுவியவரிடம் கெஞ்சி, அந்த இரண்டு விநாடியில் மட்டும் பழைய இரைச்சலைத் திரும்பப் போட்டு மூடச் சொல்கிறாள். அவர் செய்கிறார். இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. புத்தகத்தில் டிக்கை அழித்தவனும் இதைத்தான் செய்தான் என்று தெரிந்த பிறகும் பிடித்திருக்கிறது.

நாலாவது ஒன்று உண்டு. அது நீங்கள் கையில் வைத்திருப்பது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் பெரட்டை ராக் இசையாகப் போட்ட தட்டு கெடாவில் எத்தனை இருக்க முடியும்? நேசண்ணன் கதை படிக்க மாட்டார். அவர் மனைவி படிப்பார், ஒரு வரி விடாமல். ஆகவே இதை அச்சுக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்பதே முடிவுதான். இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்பதால் நான் யோசித்து முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். குறிப்பு கொடுக்க வேண்டிய கெடு தாண்டிவிட்டது. அந்த ஆத்திரத்தில் அனுப்பியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவள்தான்.

9

போன ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்து பிரேமாவதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே ஹார்ன்.

“பெரிம்மா! வாங்க, காடில வந்து ஒக்காருங்க. வாசு, நீயும் வா.”

“எங்கடா?”

“எங்கயும் இல்ல. ஆர்தர் அங்கிள் பாட்ட அனுப்பிட்டாரு, புதுசா க்ளீன் பண்ணது. நான் இன்னும் கேக்கல. சத்தியமா கேக்கல. ஒங்களோடதான் கேக்கணும்னு வச்சிருக்கேன்.”

“அதான் எத்தன வாட்டி கேட்டாச்சே.”

“அது கேசட்டு, பெரிம்மா. கொரகொரன்னு. இதுல பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்குமாம். என் காடி ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்.”

வாசுகி அம்மாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அம்மா ஒரு சாடை காட்டினால் போதும், தலைவலி, வயிற்றுவலி, எதையாவது சொல்லி நிறுத்திவிடுவாள். அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் முன்சீட்டில் ஏறினாள். நேசன் சுற்றிவந்து கதவைச் சாத்திவிட்டான். வாசுகி பின்னால்.

ஜன்னலெல்லாம் ஏற்றினான். ஏர்கோனையும் அணைத்தான், சத்தம் கெடுமாம். இரண்டாம் பக்கத்தைப் போட்டான்.

வாளிகள். இருமல். கிராணியின் குரல். நேசன் ஸ்டியரிங்கில் விரலால் எண்ணிக்கொண்டு வந்தான். எட்டாவது பேரில் யாரோ கொட்டாவி விட, சிரித்தான். “கேட்டீங்களா? கேசட்டுல இது இல்லவே இல்ல!” பதினொன்றில் அவன் கழுத்தில் வேர்வை. பன்னிரண்டு. அம்மா நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வண்டி ஓடுகிற மாதிரி.

“பதினஞ்சாவது நீங்க, பெரிம்மா. அதுக்கடுத்தாப்ல எங்கம்மா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுருக்கீங்க, இல்ல?”

அம்மா “ம்” என்றாள்.

பதிமூன்று. பதினாலு. அவன் கையை நீட்டிச் சத்தத்தை முழுதாகக் கூட்டினான். கண்ணை மூடிக்கொண்டான். வாசுகி அம்மாவின் கையைப் பார்த்தாள். அது மடியிலிருந்து எழுந்து

நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். அந்தக் கை அவன் தோளுக்குப் போகிறதா, பாட்டை நிறுத்துகிற பொத்தானுக்குப் போகிறதா என்று நான் சொல்லப்போவதில்லை. பின்சீட்டிலிருந்து எனக்கும் அந்தப் பொத்தான் எட்டும். எட்டியது. இப்போது அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியாது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார், சொல்ல வேண்டியிருக்கும். நிறுத்தாவிட்டால் இரண்டு பேர் தள்ளி அவராகவே கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் போகலாம். ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் நாலு விநாடி. ஆர்தர் அதைக் குறைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

பதினாலாவது கம்பி இழுபட்டுக்கொண்டிருக்கிறது. கிராணி பக்கத்தைத் திருப்புகிறார், மூச்சை இழுக்கிறார்.